வீமனுக்கு எத்தனை முறை? மேசை விளையாட்டில் துணைவிலங்குக்கு விதி எழுதுவது

கேள்வி சுருக்கமாக இதுதான். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு வீட்டு விறாந்தையில் ஞாயிறு பின்னேரங்களில் நாலு பேர் பாத்திரமேற்று விளையாடுகிறார்கள். கேட்ட தம்பி ஐந்தாவது ஆள், கதையை நடத்துபவர். டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் விளையாட்டு விதிப்புத்தகத்தின் ஐந்தாம் பதிப்பை அடியாக வைத்து, பனங்கூடலும் களப்புமாகத் தாங்களே ஓர் உலகத்தை எழுதியிருக்கிறார்கள். ஒரு பிள்ளை வேட்டைக்காரியாக வருகிறாள், கூடவே வீமன் என்ற நாய். முதலில் நாய்க்குத் தனி முறை, அதாவது சண்டையில் தன் பங்குக்கு ஆடும் தருணம், கொடுத்தார்கள். மற்ற மூன்று பேரும் முறைப்பாடு. பிறகு பலத்தைக் குறைத்து, புத்தகத்திலுள்ள மஸ்டிஃப் நாயின் எண்களை அப்படியே வைத்தார்கள். போன கிழமை ஒரே வெட்டில் வீமன் விழுந்துவிட்டது. இதற்கிடையில் ஒருவர் காகம் கேட்கிறார், இன்னொருவர் நாம்பன் மாடு கேட்கிறார். இதற்கெல்லாம் விதியை எப்படி எழுதுவது?

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். வீமனுக்குத் தனி முறை வேண்டாம். அது செய்கிற வேலை உரியவளின் முறைக்குள்ளிருந்துதான் வரவேண்டும். ஆனால் அவள் ஏவாத நேரத்தில் நாய் கல்லுப்போல் நிற்கவும் கூடாது. தன் சுபாவப்படி ஏதாவது செய்யவேண்டும். அந்த ஏதாவது, யாருடைய ஹெச்பியையும் (உயிர்ப் புள்ளிகளை) குறைக்கக் கூடாது.

ஏன் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் மேசையில் ஒரு பாத்திரம் இருபதுக்குப் பதின்மூன்று தடவை அடி பிடிக்கும், பிடித்தால் சராசரி 8 என்று வையுங்கள். எல்லோருக்கும் ஒருதடவை முறை வந்து முடியும் ஒரு றவுண்டுக்கு 5.2. நாய் இருபதுக்குப் பன்னிரண்டு தடவை பிடிக்கும், சராசரி 5. அது 3. இரண்டையும் ஒருத்தியிடமே கொடுத்தால் 8.2, அதாவது மற்றவர்களைவிட ஒன்றரை மடங்குக்கும் கூட. நாய் வாங்குகிற அடி வேறு ஒருவர் வாங்காத அடி என்பதையும் சேர்த்தால் இடைவெளி இன்னும் பெருக்கும். எண்களைவிடக் கெட்டது நேரம். நாலு பேர் மேசையில் ஐந்து முறை, அதில் இரண்டு ஒரே ஆளுக்கு. மற்றவர்கள் போனைத் தடவத் தொடங்குவது அங்கேதான். உங்கள் மூன்று பேரின் முறைப்பாட்டில் பொறாமை பாதி, அலுப்பு பாதி என்று நினைக்கிறேன்.

இது உங்களுக்கு மட்டும் வந்த சிக்கல் இல்லை. அதே விளையாட்டின் 2003இல் வந்த மூன்றரைப் பதிப்பில் ட்ரூயிட் என்ற காட்டு மந்திரவாதியின் விலங்கு முழு முறையோடு வந்தது, லெவல் ஏற ஏற அதுவும் வளர்ந்தது. வாள் பிடித்தவனுக்குப் பக்கத்தில் கரடி நின்றால் வாள் பிடித்தவனுக்கு என்ன வேலை என்று பலரும் புலம்பினார்கள். அதற்குப் பரிகாரமாகவோ என்னவோ, 2014 ஐந்தாம் பதிப்பில் மறுபக்கம் சாய்ந்துவிட்டார்கள். றேஞ்சர் (வேட்டைக்காரப் பாத்திரம்) சொன்னால் விலங்கு சும்மா நகரும். ஆனால் கடிக்கவேண்டும் என்றால் றேஞ்சர் தன் முறைக்குரிய முக்கிய செயலை, அதாவது தன் ஆக்‌ஷனை விட்டுக்கொடுக்க வேண்டும். நம் கணக்கில் 5.2ஐக் கொடுத்து 3ஐ வாங்கும் வியாபாரம். ஐந்தாம் லெவலில் கொஞ்சம் இளக்கம் உண்டு, அதற்குள் ஆள் வெறுத்துப்போய்விடுவார்.

2020இல் மாற்று விதி வந்தது. முறையில் கூடுதலாகக் கிடைக்கும் சின்னச் செயலான போனஸ் ஆக்‌ஷனில் ஏவலாம், ஏவாவிட்டால் விலங்கு தன்னைக் காத்துக்கொண்டு நிற்கும், நிலம், நீர், வானம் என்று மூன்றே மூன்று அச்சு. ஓடுகிற விதி, குறை சொல்ல முடியாது. ஆனால் ஓநாய்க்கும் கரடிக்கும் ஒரே அட்டை என்று ஆனபிறகு அது மிருகமா, பல்லு வைத்த அம்பா என்று எனக்குச் சந்தேகம். பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு விளையாட்டின் இரண்டாம் பதிப்பு வழி (2019) இதைவிடப் பிடித்திருந்தது. அங்கே ஆளுக்கு ஒரு முறையில் மூன்று ஆக்‌ஷன். அதில் ஒன்றை ஏவச் செலவழித்தால் விலங்குக்கு இரண்டு கிடைக்கும். கொடுப்பதும் வாங்குவதும் கண்முன்னே நடக்கிறது.

நான் என் மேசையில் வைத்திருப்பது வேறொன்று. அதற்கு யோசனை வந்த இடம் சவாரித் திடல். தைப்பொங்கலை ஒட்டி நடக்கும் மாட்டுவண்டிச் சவாரியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஓடுவது சோடி மாடு. வண்டியில் இருப்பவர் ஓரடியும் ஓடுவதில்லை. ஆனால் முடிவில் வேர்த்து விறுவிறுத்து, குரல் அடைத்துப்போய் இறங்குவது அவர்தான். அவர் அங்கே செலவழித்தது கவனம். நாணயக் கயிற்றை எப்போது இறுக்குவது, எப்போது விடுவது என்பதில்தான் அவருடைய கெட்டித்தனம் முழுவதும். கயிறு விட்ட கணமே மாடு நின்றுவிடுவதில்லை, தன்பாட்டில் ஓடும்; சில நேரம் திடலை விட்டுச் சனத்துக்குள்ளேயும் ஓடும்.

அதனால் என் விதிக்குப் பெயரே கயிறு. உரியவரின் முறை வரும்போது ஒரே ஒரு கேள்வி: கயிறு பிடிக்கிறீர்களா, விடுகிறீர்களா?

பிடித்தால், உங்கள் ஆக்‌ஷனை விலங்குக்குக் கொடுக்கிறீர்கள். அது பழகிய வேலை ஒன்றைச் சொன்னபடி செய்யும். அடி பிடிக்கவும் காயப்படுத்தவும் உங்கள் எண்களையே பாவிக்கும், குறைவும் இல்லை கூடவும் இல்லை. பிறகு எதற்காக ஏவ வேண்டும் என்று கேட்கலாம். நாய் நிற்கிற இடத்தில் நீங்கள் நிற்கவில்லையே. வேலிப் பொட்டுக்குள்ளால் அது போகும், காலைக் கவ்வி இழுத்து விழுத்தும், இருட்டில் மணம் பிடிக்கும்.

விட்டால், உங்கள் ஆக்‌ஷன் உங்களுக்கே. விலங்கு தன் சுபாவப்படி நடக்கும், அதை நகர்த்துவது உரியவர் அல்ல, கதை நடத்துபவர். பலன் மிகச் சிறியது: பக்கத்திலிருக்கும் ஓர் எதிரியின் அடுத்த உருட்டலில் 2 குறையும், அல்லது ஒரு நண்பரின் உருட்டலில் 2 கூடும். காயம் கிடையாது. சுபாவம் போகிற வழிக்கு எதிராக அதை நிறுத்த விரும்பினால் கயிற்றை இழுத்துப் பார்க்கலாம்: இருபது முகக் கட்டையை உருட்டி, விலங்கோடு பழகும் திறனைக் கூட்டி 15 எடுக்கவேண்டும். இழுக்கிற முறையில் உரியவர் இடம் நகர முடியாது. நின்ற இடத்தில் நின்று கத்துகிறார். (மூன்றரைப் பதிப்பில் பழகிய வேலைக்கு 10, பழகாததைத் திணிக்க 25. அந்த 25 சின்ன லெவலில் வெறும் கனவு, அதனால் நடுவில் வைத்தேன்.)

சுபாவம் என்றேனே, அது அட்டையில் எழுதும் ஒரே ஒரு வாக்கியம். இந்த விதியில் மிச்சமெல்லாம் போனாலும் இதை மட்டும் விடமாட்டேன். வாக்கியம் "இன்னதைக் கண்டால் இன்னது செய்யும்" என்ற அமைப்பில் இருக்கவேண்டும். "மிகவும் விசுவாசமானது" என்று எழுதிக்கொண்டு வருவார்கள், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது பாராட்டுப் பத்திரம். வாக்கியம் பாதி நேரம் உதவவேண்டும், பாதி நேரம் உபத்திரவம் தரவேண்டும். ஊரில் பார்த்ததை எழுதச் சொல்லுங்கள். ஒழுங்கை நாயை எடுங்கள்: தன் படலைக்கு முன்னால் லொறியையும் மறிக்கும். அதே நாய் ரெண்டு ஒழுங்கை தள்ளிப் போனால் வாலைக் காலுக்குள் சுருட்டிக்கொண்டு மதிலோரமாக நடக்கும். இதையே விதியாக்கலாம்: மூன்று நாளுக்கு மேல் தங்கிய இடத்தில் பலன் 2 என்பது 3 ஆகும், வேறு நாய்களின் இடத்தில் ஒன்றுமே கிடைக்காது. இதை ஒருமுறை வைத்துப் பாருங்கள், முகாம் அடிக்கும் இடத்தைப் பற்றி உங்கள் ஆட்கள் முதல்தடவையாக யோசிப்பார்கள்.

மேசையில் இது எப்படிப் போகும் என்று வீமனையே வைத்துக் காட்டுகிறேன். இரவு, கைவிட்ட உப்பளத்துக் கொட்டில், மூன்று கள்ளர். உங்கள் ஆட்களில் ஒருவர் காயப்பட்டுக் கிடக்கிறார். வீமனின் வாக்கியம்: "அந்நியனைக் கண்டால் குரைக்கும், ஓடுகிறவனைக் கண்டால் துரத்தும்."

முதல் றவுண்ட். வேட்டைக்காரி கயிற்றை விட்டு அம்பு எய்கிறாள். வீமன் முன்னால் நிற்கும் கள்ளனின் முகத்துக்கு நேரே குரைக்கிறது. அவனுடைய அடிக்கு 12 வேண்டியிருந்தது, உருட்டியது 13. இரண்டு கழித்தால் 11. வாள் கொட்டில் தூணில் இறங்குகிறது. மேசையில் எல்லோரும் நாயைத் தட்டிக்கொடுக்கும் கணம் இது.

இரண்டாம் றவுண்டில் ஒருவன் தோணியை நோக்கி ஓடுகிறான். வாக்கியம் தெளிவு, வீமன் துரத்தும். அவளுக்கோ நாய் காயப்பட்டவரின் பக்கத்தில் நிற்கவேண்டும். ஆக்‌ஷனைக் கொடுத்தால் நிச்சயம் நிற்கும், ஆனால் எதிரே நிற்கிறவனுக்கு அம்பு இல்லை. அவள் அம்பை வைத்துக்கொண்டு கயிற்றை இழுத்துப் பார்க்கிறாள். உருட்டியது 8, திறன் 5, மொத்தம் 13. போதாது. நாய் இருட்டுக்குள் போய்விட்டது. குரைப்பு மட்டும் தூரத் தூரக் கேட்கிறது.

மூன்றாம் றவுண்டில் அவள் முன்னால் இருப்பது, தோணியில் இன்னும் எத்தனை பேர் என்று தெரியாத கரையில் தனியாக நிற்கும் ஒரு நாயும், கொட்டிலுக்குள் இரத்தம் ஓடும் ஒரு நண்பரும். இதை நீங்கள் திட்டம்போட்டு எழுதவில்லை, அந்த வாக்கியம் கொண்டுவந்து விட்டது. அதோடு முழுச் சண்டையிலும் வீமனுக்காகத் தனியாகச் செலவழிந்த நேரம் ஒரு நிமிடம் வருமா என்பதே சந்தேகம்.

பழகிய வேலைகளுக்கு மூன்றரைப் பதிப்பின் ஒரு நுணுக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அங்கே புத்தி 1 உள்ள விலங்கு மூன்று வேலைதான் பழகும், புத்தி 2 என்றால் ஆறு. வா, நில், காவல், தேடு, கவ்வு, துரத்து என்று அட்டையில் ஆறு கட்டம் கீறி, தொடக்கத்தில் மூன்றை மட்டும் நிரப்பச் சொல்லுங்கள். மிச்சத்தைக் கதைக்குள் ஒவ்வொரு கிழமை செலவழித்துப் பழக்கட்டும். ஹெச்பிக்கு உரியவருடையதில் பாதி, கவசம் (அடி பிடிக்க எதிரி எட்டவேண்டிய எண்) உரியவருடையதைவிட ஒன்று குறைய. வேறு எண் வேண்டாம். தபாலட்டையின் ஒரு பக்கத்துக்குள் அடங்காத விலங்கை நான் மேசைக்கு எடுப்பதில்லை. தீனி, தண்ணீர்க் கணக்கும் வேண்டாம். ஆட்டுக்குக் குழை ஒடிக்கக் கொக்கத்தடி கொண்டுவந்தீர்களா என்று எப்போதாவது ஒருதடவை கேட்டால் போதும், பாதிப்பேர் முழிப்பார்கள்.

இனிக் காகம். பறவை கேட்பவர் பெரும்பாலும் கேட்பது பறவையை அல்ல, செலவில்லாத ட்ரோனை. ஐந்தாம் பதிப்பில் மந்திரவாதியின் ஆந்தை எதிரிக்குப் பக்கத்தில் பறந்து வந்து, நண்பருக்கு உதவியும் கொடுத்துவிட்டு, திருப்பி அடி வாங்காமல் மேலே போய்விடும். ஒவ்வொரு றவுண்டும் அதையே செய்வார்கள். கயிறு விதியில் சண்டைப் பக்கம் தானாகவே அடங்கிவிடும். உளவுதான் பிரச்சினை. அதற்கு நான் வைத்த வரம்பு: காகம் பார்க்கும், எண்ணாது. அதனிடம் மூன்று கேள்விதான் கேட்கலாம். ஆள் இருக்கிறதா? ஆபத்தா? தின்ன ஏதும் கிடக்கிறதா? "ஏழு பேர், இருவரிடம் வில், தலைவன் இடதுகைக்காரன்" என்ற அறிக்கை காகத்திடமிருந்து வராது. போகச் சொன்னால் போகும், ஆனால் வழியில் மூன்றாம் கேள்விக்கு விடை கிடைத்தால் அங்கேயே இறங்கிவிடும். விரத நாளில் சோற்றை வைத்துவிட்டுக் "கா கா" என்று கூப்பிட்டு, பசியோடு பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கு இது புதிதாக இராது.

நாம்பனுக்கு விதி தேவையில்லை, இடம்தான் தேவை. ஐந்தடிக் கட்டம் போட்ட வரைபடத்தில் பெரிய விலங்கு பத்தடிக்குப் பத்தடி பிடிக்கும். அது கிணற்றுக்குள் இறங்காது, ஏணி ஏறாது, படலைக்குள்ளால் ஒருக்களித்துத்தான் வரும். இதை முதல்நாளே உரியவரிடம் சொல்லிவிட்டு, வெளியில் நடக்கும் காட்சிகளில் அதற்குத் தாராளமாக இடம் கொடுங்கள்: சுமை, இழுவை, கூட்டத்தைக் கலைத்தல். வாக்கியம் "பின்னால் ஆள் வந்தால் உதைக்கும்" என்று இருக்கட்டும், அடிக்கு நிற்கும் நண்பர்கள் எங்கே நிற்பது என்று பார்த்து நிற்பார்கள். யானை கேட்டு யாராவது வந்தால், ஒல்லாந்தர் காலத்தில் வன்னியில் பிடித்த யானைகளை ஆனையிறவு வழியாகக் கொண்டுவந்து கப்பலேற்றி விற்றார்கள் என்ற வரலாற்றைச் சொல்லி, உங்கள் உலகத்தில் அதைத் துணையாக இல்லாமல் ஒரு முழுக் கதையாக வையுங்கள். பல பேர் கூட்டிக்கொண்டு போகவேண்டிய விலங்கு ஒருவருக்குத் துணையாவது எப்படி? நெடுந்தீவுக் குதிரை என்றால் நான் உடனே சம்மதிப்பேன். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்து வளர்ப்புக் குதிரைகளின் வழிவந்தவை, இன்றும் கட்டாக்காலியாகத் திரிகின்றன. அப்படி ஒன்று ஒருவரிடம் வந்து நின்றால், ஏன் வந்தது என்பதே நாலு ஞாயிறுக்குப் போதும்.

சாவுக்கு வருகிறேன். முதலில் கணக்கு. புத்தகத்து மஸ்டிஃபுக்கு ஹெச்பி 5, கவசம் 12. கொப்ளின் என்ற குட்டிப் பூதத்தின் அடி உருட்டலில் 4 கூடும், காயம் ஓர் ஆறு முகக் கட்டையும் 2உம். இரட்டைக் காயம் விழும் 20ஐயும் சேர்த்துப் பார்த்தால், ஒரே வெட்டில் நாய் விழும் வாய்ப்பு நூற்றுக்கு 45. ஏறக்குறைய பூவா தலையா. ஆகவே வீமன் விழுந்தது துரதிர்ஷ்டம் இல்லை, அந்த எண்ணை வைத்துக்கொண்டு இத்தனை ஞாயிறு உயிரோடு இருந்ததுதான் அதிர்ஷ்டம். 2014 விதியின்படியே றேஞ்சரின் லெவலைப் போல் நாலு மடங்கு, அல்லது விலங்கின் வழமையான எண், எது கூடவோ அது என்று கொடுத்திருந்தால், மூன்றாம் லெவலில் 12 இருந்திருக்கும்.

ஆனால் எண்ணைக் கூட்டினால் சாவு தள்ளிப்போகும், அவ்வளவுதான். பல வருடம் முன்பு நான் நடத்திய கதையில் ஒருவர் இடையனாக வந்தார், கூடவே ஒரு ஆட்டுக்கடா. கதை சூடு பிடிக்கட்டும் என்று ஒரு பொறியில் அந்தக் கடாவை விழுத்திக் கொன்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் "சரி" என்று தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். அடுத்த இரண்டு கிழமை வரவில்லை. பிறகு தேத்தண்ணிக் கடையில் கதைக்கும்போதுதான் தெரிந்தது, சின்ன வயதில் அவர் குழை போட்டு வளர்த்த கடா வேள்விக்குப் போயிருக்கிறது. தாள் எழுதும்போதே பெயரைக்கூட அந்தக் கடாவின் பெயராக வைத்திருந்தார். நான் ஏன் அந்தப் பெயர் என்று கேட்கவே இல்லை.

அதற்குப் பிறகு என் விதி இப்படி. ஹெச்பி 0 ஆனால் விலங்கு சாகாது. காயப்பட்டு விலகும், ஓடும், பதுங்கும், கிடக்கும். அந்த ஞாயிறு முழுக்க அதைப் பாவிக்க முடியாது. மறு ஞாயிறு ஒரு தழும்போடு திரும்பும், தழும்புக்கேற்ப வாக்கியத்தில் ஒரு சொல் மாறும். நெருப்புப் பட்ட நாய் "நெருப்பைக் கண்டால் பின்வாங்கும்" என்று ஆகிவிடும். உண்மையான சாவுக்கு ஒரே வழி: உரியவர் விழப்போகும் அடி ஒன்று வரும்போது, "நாய் குறுக்கே பாயட்டும்" என்று உரியவரே வாய்விட்டுச் சொல்லலாம். சொன்னால் அடி நாய்க்கு, உரியவர் தப்புவார், நாய் திரும்பாது. நடத்துபவர் இதைக் கேட்கவும் கூடாது, ஞாபகப்படுத்தவும் கூடாது. ஒன்பது வருடத்தில் என் மேசையில் ஒரே ஒருவர்தான் சொன்னார். அன்றைக்கு அதற்கு மேல் நாங்கள் விளையாடவில்லை.

உங்கள் வீமன் விடயத்தில், நடந்ததை அழித்துவிட்டு மறுபடி விளையாடச் சொல்லமாட்டேன். மற்ற மூன்று பேரும் அதை மறக்கமாட்டார்கள். "விழுந்தது" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், புதைத்ததாக எழுதவில்லை. சண்டை முடிந்து தேடியபோது இரத்தத் தடம் பனங்கூடல் பக்கம் போகிறது என்று தொடங்குங்கள். தொடங்குமுன் அந்தப் பிள்ளையிடம் தனியாகக் கேளுங்கள், நாய் திரும்ப வேண்டுமா, வேண்டாமா என்று. வேண்டும் என்றால் ஒரு தபாலட்டையைக் கொடுத்து, வெட்டுப்பட்ட வீமனுக்குப் புது வாக்கியத்தை அவளையே எழுதச் சொல்லுங்கள். காகக்காரருக்கும் நாம்பன்காரருக்கும் அன்றைக்கு அட்டை கொடுக்காதீர்கள். மூன்று விலங்கும் ஒரே நாளில் வந்தால் கயிறு விதி பழகமுன் மேசை குழம்பிவிடும். ஒரு மாதம் நாயோடு மட்டும் ஓட்டிப் பாருங்கள்.